பின்னிருக்கையின் பாரம்

வெர்னா ஹெய்க்கிலா தோணியில் ஏறினால் முன்னிருக்கையில்தான் அமர்வாள். மணமான நாள்முதல் அது அவளுடைய இடம். முழங்காலைப் பலகையில் ஊன்றித் துடுப்பை நீரில் இட்டுவிட்டால், அதன்பின் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் தோணி ஆடும் என்பது ஒரு காரணம். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது மற்றொன்று. பின்னால் இருப்பவன் திசையைப் பார்த்துக்கொள்வான்; முன்னால் இருப்பவள் பாறையைப் பார்த்துச் சொல்வாள். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, காடும் சிற்றேரிகளுமாகக் கிடக்கும் அந்தப் பகுதியில் கணவன் மனைவியர் பலர், ஒருவர் முகத்தை மற்றவர் பாராமலே, ஒரே திசையில் பல ஆண்டுகளைக் கடந்திருக்கிறார்கள். மற்றபடி வெர்னா ஐயப்படத் தெரிந்தவள்தான். பாலை மோந்து பாராமல் காப்பியில் ஊற்றமாட்டாள். பிறர் போட்ட முடிச்சை அவிழ்த்துத் தானே மீண்டும் போடுவாள். கரடிக்கு எட்டாதபடி கிளையில் ஏற்றிய உணவு மூட்டையைப் படுக்கப்போகுமுன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கணவன் ஆர்வோவை மட்டும் அவள் இழுத்துப் பார்த்ததில்லை.

செப்டம்பர் முடியும் தறுவாயில், கூப்பர் ஏரியின் துறையில், அவள் தன் இடத்தில் அமர்ந்தபோது தோணியின் முன்நுனி நீரில் படியவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவளுடைய காலடியில் கூடாரமும் உணவு மூட்டையும் போர்வைச் சுருள்களும் இருந்தன. அவை போதாவென்று ஆர்வோ கரையில் பொறுக்கிய கற்களையும் ஒரு சாக்கில் கட்டி அங்கேயே வைத்திருந்தான். அத்தனைக்குப் பிறகும் முன்புறம் எழும்பியே இருந்தது. ஆர்வோவோ இன்னும் ஏறவில்லை. பின்நுனியைப் பிடித்தபடி முழங்கால் நீரில் நின்றுகொண்டிருந்தான். கையை ஊன்றி அழுத்துகிறான் போலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

துறைக்கு மேலே புழுவும் தூண்டிலும் விற்கும் கடைக்காரர் லெஸ்டர், காப்பிக் குவளையுடன் இறங்கி வந்தார். பேச ஆள் கிடைத்தால் வியாபாரத்தை மறந்துவிடும் மனிதர்.

"ஏம்ப்பா ஆர்வோ, பொண்டாட்டி காலடியில என்னத்த இப்படிக் குவிச்சு வெச்சிருக்க? கல்லு வேற! அந்தக் காட்டுல கல்லு கெடைக்காதுன்னு இங்கேர்ந்தே கொண்டு போறியா?"

"பின்னாடி பாரம் ஜாஸ்தியா இருக்கு," என்றான் ஆர்வோ.

"ஒன் பாரமா? ஒன் பேண்டு ஒன்ன விட்டுக் கழண்டு ஓடப் பாக்குது, நீ பாரங்கற. ஏம்மா வெர்னா, இவனுக்கு ஒழுங்கா சாப்பாடு போடறியா இல்லையா?"

"போடறேன். பாதிய நாய்க்குப் போட்டுடறான்."

"அப்ப நாயக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். பாரம் சரியா இருந்திருக்கும்."

மூவரும் சிரித்தார்கள். பிறகு லெஸ்டர் தொப்பியைக் கழற்றி, ஏரியின் கோடியைப் பார்த்தார்.

"அங்கயேதான் போறீங்களா?"

"அங்கதான்."

"சரி. ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்தா மனசு ஆறும்பாங்க. யாரு சொன்னாங்களோ, எனக்குத் தெரியல." அவர் குவளையில் எஞ்சியிருந்த காப்பியை மண்ணில் ஊற்றிவிட்டு, திரும்பிப் பாராமல் மேலேறிப் போனார்.

சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஆர்வோவும் அவனுடைய தம்பி ரெய்னோவும் இதே தோணியில் போனார்கள். ஹேர்பெல் ஏரியின் நடுவில், இருட்டும் வேளையில், காற்றில் தோணி கவிழ்ந்தது. ரெய்னோ அந்தக் கணமே மூழ்கிவிட்டான் என்றும், தான் விடியும்வரை பெயர் சொல்லிக் கூவித் தேடியதாகவும், மரம் வெட்டியவர்கள் போட்ட பழைய வண்டிப்பாதை வழியே தனியாக நடந்து வந்த ஆர்வோ சொன்னான். லெஸ்டரும் ஊராரும் நாள்கணக்கில் கொக்கி போட்டுத் தேடினார்கள். அந்த ஏரி ஆழமானது, குளிர்ந்தது, உடல் கிடைக்கவில்லை. பெட்டியில்லாமலே தேவாலயத்தில் வழிபாடு நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் வெர்னா ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். ரெய்னோ மணமாகாதவன்; ஞாயிறுதோறும் அவள் வீட்டு மேசையில்தான் சாப்பிடுவான். "அண்ணி, ஒன் ரொட்டி செங்கல் மாதிரி இருக்கு, இன்னொண்ணு குடு," என்பான்.

அதன்பின் ஆர்வோ கட்டிலில் படுப்பதை விட்டான். நாற்காலியில் சாய்ந்து சன்னலைப் பார்த்தபடி இருந்தான். கேட்டதற்குப் பதில் சொல்வதும் குறைந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். கோடையில் ஒருநாள் அவனாகவே, "இன்னொரு தடவ அங்க போகணும், நீ கூட வா, அதோட முடிஞ்சிரும்," என்றான். தன் கணவனைத் திரும்பப் பெற அது ஒன்றே வழி என்று தோன்றியதால், அவள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டாள்.

கூப்பர் ஏரியைக் கடந்து மறுகரையில் இறங்கினார்கள். அங்கிருந்து ஹேர்பெல் ஏரிக்குத் தோணியைத் தலைமேல் தூக்கிச் செல்லவேண்டும். அந்தத் தடத்தைச் சுமைத்தடம் என்பார்கள். சென்ற ஆண்டிலிருந்து ஆர்வோவுக்குத் தோள் சரியில்லை. ஆகவே அவன் மூட்டைகளை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னே நடக்க, வெர்னா தோணியின் நீரை வடித்து, அதைக் கவிழ்த்து, அதன் நடுவே குறுக்காகப் பதித்த நுகக்கட்டையைத் தோள்களில் ஏற்றிக்கொண்டு பின்னே நடந்தாள். கவிழ்த்த தோணியினுள் தலையை நுழைத்தவருக்கு வானமும் இல்லை, மரமும் இல்லை. காலடி மண்ணும், முன்னால் போகிறவனின் பூட்ஸும் மட்டுமே தெரியும். அந்தப் பூட்ஸை நம்பித்தான் போகவேண்டும்.

மழை பெய்து நாளாகியிருந்தது. தடத்தின்மேல் உலர்ந்து பழுத்த ஊசியிலைகள் மெத்தைபோலக் கிடந்தன. அவற்றின் பிசின் மணமும், தோணிக்குள் அடைபட்ட பழைய மரத்தின் நெடியும், தன் வியர்வையின் உப்பும் கலந்து மூக்கில் ஏற, மூச்சு விட்டால் அது மரப்பலகையில் மோதித் தன் காதுக்கே திரும்பி வர, அவள் மெல்ல நடந்தாள். நுகக்கட்டை முன்னும் பின்னும் சமமாக நிற்கும்படி ஆர்வோவின் தந்தை அளந்து செய்த தோணி அது. இன்றோ பின்புறம் தழைந்து, கட்டை அவளுடைய பிடரியை அழுத்தியது. சொட்டு. சற்று விட்டு, மறுபடி சொட்டு. பின்நுனியிலிருந்து நீர் விழுந்துகொண்டிருந்தது. வடித்த தோணியில் இவ்வளவு நீர் எங்கே இருந்தது என்று அவள் எண்ணினாள். பாதி வழி கடந்தும் சொட்டு நிற்கவில்லை. அதோடு இன்னொன்றும் கேட்டது: ஈரத் துணி மண்ணில் படுவதுபோன்ற ஓசை. அவள் அடி வைத்தால் அதுவும் வைத்தது. தோணிக்குள் எதிரொலி பெருகும் என்பது அவள் அறிந்ததே. சட்டென்று நின்று பார்த்தாள். ஓசை இன்னும் ஓரடி வைத்துவிட்டு நின்றது.

முன்னே பூட்ஸ் வேகமெடுத்தன.

"ஆர்வோ, மெதுவாப் போ!"

அவை மெதுவாகவில்லை. கிட்டத்தட்ட ஓடின. வளைவில் திரும்பி மறைந்தன. அவளுக்கு வெறும் மண் மட்டுமே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் விரைந்தாள். பின்னால் அதுவும் விரைந்தது.

நீர்விளிம்பில் தோணியை இறக்கிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது தடத்தில் ஒருவரும் இல்லை. ஊசியிலைகளின்மேல், அவள் வந்த வழியெல்லாம், ஈரம் ஒரு கோடாகக் கருத்துக் கிடந்தது. ஆர்வோ மூட்டைமேல் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை முடிந்துகொண்டிருந்தான்.

"கூப்பிட்டேனே, காதுல விழலையா?"

"விழல." அவன் நிமிரவில்லை. "தண்ணிய வடிச்சியா?"

"வடிச்சேன்."

"அப்ப சரி," என்றான். சரியென்று சொல்பவனின் குரலாக அது இல்லை.

சதுப்புக்கு அப்பால் இருந்த தங்குமிடத்துக்குத் தோணியிலேயே போனார்கள். ஹேர்பெல் ஏரிக்கரையில் தங்குமிடம் என்பது கற்களை வட்டமாக அடுக்கிய ஓர் அடுப்பும், கூடாரம் விரிக்க ஒரு சமதரையும்தான். குழாயில்லை, விளக்கில்லை, பக்கத்தில் வேறு மனிதரில்லை. முன்பு தங்கியவர்கள் வழக்கப்படி அடுத்து வருபவர்களுக்கென்று பிளந்த விறகை மரத்தடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆர்வோ தீ மூட்டினான். வெர்னா இரவுக்காகத் தோணியைக் கரையேற்றிக் கவிழ்க்கப் போனாள்.

மாலை வெயில் சாய்ந்து அதன்மேல் விழுந்தது. வசந்தத்தில் ஆர்வோ அதற்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தான்; பின்பாதிக்கு மட்டும். அந்த வண்ணம் சுமைத்தடத்துக் கிளைகளில் உராய்ந்து ஓரிடத்தில் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் விளிம்புக்கட்டை நசுங்கியிருப்பதை அவள் கண்டாள். நகத்தால் இன்னும் சற்று உரித்தாள். ஒரு நசுங்கல் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. எல்லாம் துடுப்பின் ஓரத்தளவு அகலம். பாறை என்றால் அடிப்புறத்தில் படும். விளிம்பின் மேற்புறத்தில் படாது. அவள் விரலால் அவற்றைத் தடவினாள். ஒரு கை பிடித்துத் தொங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு இடத்திற்குள்தான் அத்தனை அடிகளும் விழுந்திருந்தன.

அவள் அடுப்பருகே வந்து அமர்ந்தாள். இறைச்சியும் கிழங்கும் திணித்த பாஸ்டிகள் தணலோரம் சூடாகிக்கொண்டிருந்தன. இருவரும் எடுக்கவில்லை. ஏரியின் மறுபக்கத்தில் லூன் பறவையொன்று, அழுகைக்கும் சிரிப்புக்கும் இடைப்பட்ட அந்தக் குரலில், நீளக் கூவிற்று.

"அந்த விளிம்புல என்ன அடி?" என்றாள் வெர்னா.

"பாறை."

"பாறை அடியில படும். மேல எப்படிப் படும்?"

அவன் ஒரு குச்சியால் தணலைக் கிளறினான்.

"துடுப்பால அடிச்சியா?"

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. "தண்ணி அவ்வளவு குளிரு, வெர்னா," என்றான் ஆர்வோ. "நான் எப்படியோ உள்ள ஏறிட்டேன். அவனும் ஏறப் பாத்தான். ஏறினா திரும்பக் கவுந்துரும்னு சொன்னேன். சரின்னுட்டு, பின்னாடி பிடிச்சுத் தொங்கிட்டே இருந்தான். தோணி நகரல."

"கரை வரைக்கும் அப்படியே தொங்கிட்டு வந்திருப்பானே."

"வந்திருப்பான்."

"எத்தன தடவ அடிச்ச?"

"விடற வரைக்கும்."

லூன் மறுபடி கூவிற்று. எங்கிருந்து அந்தக் கேள்வி தன் வாயில் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை: "அவன் என்ன சொன்னான்?"

"'அண்ணே, அது என் கை'ன்னான்." ஆர்வோவின் முகம் நெருப்பொளியில் ஈரமாக மின்னிற்று. "இருட்டுல கட்டைன்னு நெனச்சு அடிக்கறேன், எனக்குத் தெரியலன்னு நெனச்சுட்டான். கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னான். அண்ணே, அது என் கை. அவன் கொரல்ல கோவமே இல்ல."

வெர்னா எழுந்து, ஏதும் அழுக்காகாத பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நீர்விளிம்புக்குப் போய் மணலிட்டுத் தேய்த்தாள். ஓராண்டு முழுவதும் அந்தப் பொய்க்கு அவள் சோறிட்டிருக்கிறாள். அதன் தலையைத் தன் மடியில் வைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள். தேவாலயத்தில் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கைகள் மரத்துப்போகும்வரை தேய்த்துவிட்டு, அவள் திரும்பி வந்து, அவன் தோளில் போர்வையைப் போர்த்தினாள். வெறுப்பதற்கும் அவனைத் தவிர அவளுக்கு வேறு ஆளில்லை.

"ஊருக்குப் போனதும் ஷெரிஃப்கிட்ட சொல்லணும். லெஸ்டர்கிட்டயும் சொல்லணும். அந்தாளு நாள்கணக்கா இந்தத் தண்ணியில தேடினாரு."

"சரி."

"நான் பக்கத்துல நிக்கறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஓராண்டுக்குப் பிறகு முதன்முறையாக நேராகப் பார்த்தான். "அவன் இன்னும் விடல, வெர்னா. இன்னும் பின்னாடிதான் தொங்கறான். கரையில கட்டிப் போட்டாலும் பின்பக்கம் அமுங்குது. இன்னிக்கு நீயே பாத்தல்ல?"

"ஊறின மரம், ஆர்வோ. வேற ஒண்ணுமில்ல."

"முன்னாடி ஒரு ஆளு கெடைச்சா விட்டுருவான்னு தோணுது. தனியாப் போக முடியலங்கறான்."

"தூங்கு," என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்வதுபோல. சுமைத்தடத்து ஓசை நினைவுக்கு வந்தது. அதை வலிந்து ஒதுக்கினாள்.

கூடாரத்தில் அவளுக்கு உறக்கம் வரவில்லை. மரங்களில் காற்றில்லை. ஏரியும் அசையவில்லை. கவிழ்த்து வைத்த தோணி இருக்கும் பக்கத்தில் மட்டும், மிக மெல்ல, மரத்தில் மரம் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. நின்றது. எழுந்தது. எலியாக இருக்கலாம். அவள் ஆர்வோவின் பக்கம் திரும்பினாள். அவன் கண்களைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அச்சம் இல்லை என்பதை அவள் கவனித்தாள்; அதற்கு என்ன பொருள் என்று அப்போது அவள் சிந்திக்கவில்லை.

விடிந்தபோது காப்பி மணத்தது. ஆர்வோ அவளுக்கு முன்பே எழுந்து, காப்பி போட்டு, நிசு ரொட்டியைத் துண்டு போட்டு, வெண்ணெய்கூடத் தடவி வைத்திருந்தான். ஓராண்டாக அவன் செய்யாத காரியம். முகம் கழுவியிருந்தான், தலை வாரியிருந்தான். வெர்னா குவளையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். பழைய ஆர்வோ திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

"வா, வெயில் ஏறறதுக்குள்ள ரெண்டு மீன் பிடிச்சுட்டு வந்துருவோம். அப்புறம் கெளம்பலாம்."

"இந்த மூடுபனியில மீனு ஒன் மூஞ்சிய எப்படிப் பாக்கும்?"

"பாக்காம இருந்தாத்தான் மாட்டும்," என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

பனி ஏரியின்மேல் பால்போல் திரண்டு நின்றது. தோணி ஏற்கெனவே நீரில் இருந்தது. அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். குனிந்து அவள் உச்சியில் முத்தமிட்டான்.

"நீ ஒக்காரு. நான் தள்ளறேன்."

அவள் முழங்காலை ஊன்றி, துடுப்பை எடுத்துக்கொண்டாள். பின்னால் நீர் சலசலத்தது. ஒரு பாரம் ஏறிற்று. தோணி பின்புறம் தாழ்ந்து, அசைந்து, அமைந்தது. பிறகு தள்ளல். அடிமணல் உரசி விலக, தோணி வழுக்கிக்கொண்டு பனிக்குள் போயிற்று. பின்னால் ஒரு துடுப்பு நீரில் இறங்கிற்று. அவளும் போட்டாள்.

அவள் சில துடுப்புகள் போட்டாள். பிறகு, முகம் பாராமல் பேசுவது எளிது என்பதால், பேசினாள்.

"ராத்திரி ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் போயிரலாமான்னு நெனச்சேன். போகல. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. மன்னிச்சுட்டியான்னும் கேக்காத. ஆனா சொன்னா சொன்னதுதான். பக்கத்துல நிப்பேன்."

துடுப்பு நீரிலிருந்து எழுந்தது, விளிம்பில் தட்டிற்று, இறங்கிற்று. அதன் தண்டு கைக்குள் நழுவி நழுவி மீள்வதுபோல ஓசை வந்தது. சரியாக மூடாத கைகள் துடுப்பைப் பிடித்தால் அப்படி வரும்.

"தோள் வலிக்குதா? நான் போட்டுக்கறேன், நீ சும்மா இரு."

ஏரியின் அடிச்சேறு கிளறினால் வரும் நாற்றம், குளிர்ந்து, அவளுடைய பிடரிப் பக்கமிருந்து வந்தது. அவளுடைய மூச்சு புகையாய் வெளிவந்து முன்னே போயிற்று. பின்னாலிருந்து எந்த மூச்சும் கேட்கவில்லை.

தோணி வளைந்தது. கரை இடப்பக்கமாக வந்தது. பனி ஓரிடத்தில் கிழிந்தது.

அங்கே ஆர்வோ நின்றுகொண்டிருந்தான்.

முழங்கால் நீரில். தள்ளிய கைகள் இன்னும் முன்னே நீண்டபடி.

வெர்னாவின் துடுப்பு நின்றது. பின்னால் இருந்த துடுப்பு நிற்கவில்லை.

அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கூவுவான் என்று காத்திருந்தாள். ஒரு சொல். அவளுடைய பெயர். எதுவாயினும். அவனோ, பேருந்தில் ஏற்றிவிட்டவன் சன்னலைப் பார்த்துக் கையசைப்பதுபோல, ஒரு கையைச் சற்றே உயர்த்தினான். பிறகு கரையேறினான். கட்டி முடித்த ஒரு மூட்டை அங்கே தயாராக இருந்தது. ஒரே ஒரு மூட்டை. அவன் அதை முதுகில் மாட்டிக்கொண்டான்.

அவன் லெஸ்டரிடம் சொல்லப்போவது அவளுக்கு இப்போதே கேட்டது. தோணி கவுந்துருச்சு. அந்தக் கணமே மூழ்கிட்டா. விடியற வரைக்கும் தேடினேன். ஊர் மறுபடியும் கொக்கி போடும். யாரோ ஒருத்தி ரொட்டி சுடுவாள்.

ஏரியின் நடு. தோணி நின்றது.

பின்புறம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. அவளுடைய முனை மேலே எழும்ப, அவள் இருக்கை சாய்ந்தது. விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே வரும் சத்தம். சின்னச் சத்தம். குதித்து நீந்தலாம். இந்தக் குளிரில் கரைக்கு முன்பே கை மடங்கும். அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. நாக்கு மட்டும் அசைந்தது.

"ரெய்னோ."

நீரின் சத்தம் நின்றது.

பிறகு, அவளுடைய காதுக்கு மிக அருகில், தொண்டையில் நீர் நிறைந்த ஒரு குரல், ஞாயிற்றுக்கிழமை மேசையில் ரொட்டி கேட்கும் அதே பணிவோடு சொல்லிற்று:

"அண்ணி. அண்ணனுக்குத் தெரியல. அது என் கை. நீ சொல்லு, அண்ணி."

வெர்னா கண்களை மூடினாள். சொல்கிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றிற்று. அண்ணனுக்குத் தெரியாது என்ற அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இவன் ஓராண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கிறான். அதை வைத்துக்கொண்டே அமைதியாக இறங்கிப் போய்விடவும் கூடும். அவள் கண்களைத் திறந்தாள். கரையோர மரங்களுக்கிடையே முதுகு மூட்டை ஒன்று நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அது ஒருமுறையும் ஏரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும், ரெய்னோ," என்றாள். "அது ஒன் கைன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சான். பின்னாடி நீ இருக்கன்னு தெரிஞ்சுதான் என்னய ஏத்திவிட்டான்."

ஏரியில் ஒரு சிற்றலையும் இல்லை. லூன் கூவவில்லை. பின்னால் இருந்தது அசையவில்லை. அந்த அசைவின்மை நீண்டு, நீண்டு, அவள் இதயத் துடிப்பு தோணிப் பலகையில் கேட்கும் அளவுக்கு நீண்டது.

பிறகு துடுப்பு நீரில் இறங்கிற்று. இம்முறை நழுவவில்லை. தோணி ஒரே இழுப்பில் திரும்பிற்று.

சதுப்பைச் சுற்றிக்கொண்டு கரைவழி நடப்பவனுக்கு, பழைய வண்டிப்பாதை பிரியும் சுமைத்தடத்தின் வாயை அடைய வெகு நேரமாகும். நீர்வழி மிகக் குறுகியது. நீர்மேல் தாழ்ந்த கிளைகளின் நிழலில், தடத்தின் வாய்க்கு எதிரே, தோணி வந்து நின்றது. பனி மறுபடி மூடிக்கொண்டது. வெர்னாவின் வலக்கையை ஒட்டி, விளிம்பின்மேல், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து அமர்ந்தது. வெளுத்து ஊறிய கை. விரல்கள் கணுவுக்குக் கணு தவறான திசையில் மடங்கியிருந்தன. அவை பொறுமையாகக் கட்டையைப் பற்றிக்கொண்டன. அவள் தன் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

காட்டுக்குள் உலர்ந்த ஊசியிலைகளில் காலடி ஓசை கேட்டது. பூட்ஸ். அவசரமில்லாத நடை. அதனூடே இன்னொன்றும் கேட்டது. அது என்னவென்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆர்வோ வாய்க்குள் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். பாரம் இறங்கிய மனிதன் முணுமுணுப்பதுபோல.

இப்போது ஒரு குரல் கொடுத்தால் அவன் ஓடிவிட முடியும். குரல் கொடுப்பதில்லை என்று வெர்னா தீர்மானித்தாள்.